சொந்தப் பேரனை வளர்க்க அரசுப் பணமா? உறவினர் பராமரிப்பு: ஓர் எளிய விளக்கம்

எங்கள் வட மாவட்டப் பக்கம் பாட்டியை ஆயா என்போம். எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆயா இருக்கிறார். மகளும் மருமகனும் ஒரே விபத்தில் போய்விட, பேரன் பேத்தி இரண்டு பேரையும் அவர்தான் வளர்க்கிறார். பையன் எட்டாவது, பெண் மூன்றாவது. அவருக்காக உதவித்தொகை மனு எழுத உட்கார்ந்தபோது டீக்கடையில் ஒருவர் கேட்டார்: “சொந்தப் பேரப் புள்ளைங்கள வளக்கறதுக்கு கவர்மென்ட் காசா? நல்லா இருக்கே!” பக்கத்தில் இருந்தவர், “அது தத்து எடுத்தவங்களுக்குத் தர்றதுப்பா” என்றார். மூன்றாமவர், “போய்க் கேட்டுப் பாரு, ரெண்டையும் ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவான்” என்று முடித்துவைத்தார்.

மூன்றுமே தவறு. ஆனால் இந்த மூன்றையும் படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். பெற்றோர் இல்லாத பிள்ளையைச் சொந்தக்காரர் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, என்ன உதவி தருகிறது என்பதுதான் தெரியாமல் இருக்கிறது.

அனுபவம் இருக்கிறது, பட்டா இல்லை

பிள்ளையை நிலத்தோடு ஒப்பிடுவது அழகில்லைதான். ஆனால் இதைவிட எளிதாகப் புரிய வைக்கும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு துண்டு நிலத்தை ஒருவர் இருபது வருடமாக உழுகிறார். ஊருக்கே தெரியும், அது அவர் அனுபவத்தில் இருக்கும் நிலம் என்று. பட்டா மட்டும் வேறு பெயரில். விதைக்கிறவரை, அறுக்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பயிர்க் கடனுக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ போய் நின்றால்தான் “பட்டா எங்கே?” என்பார்கள்.

ஆயாவின் நிலைமையும் இதுதான். பிள்ளைகளுக்குச் சோறு போட, காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி போட, பள்ளிக்கு அனுப்ப யாரும் காகிதம் கேட்கவில்லை. பையனுக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோதுதான் முதன்முதலாக அந்தக் கேள்வி வந்தது: “நீங்க யாரு? கார்டியனா? அதுக்கு ஆர்டர் இருக்கா?” ஆயா தன் மஞ்சப்பையிலிருந்து மகளின் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். அதில் முத்திரை வைக்கவும் முடியாது, நகல் எடுத்தால் பளபளப்பு அடித்து எழுத்தும் விழவில்லை. (தயவுசெய்து எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத அறிவுரை, ஆனால் அன்று அரை நாள் அதில்தான் போனது.)

இப்படிப் பெற்றோரால் வளர்க்க முடியாத குழந்தையைத் தாத்தா பாட்டி, தாய்மாமன், சித்தி, பெரியப்பா போன்ற சொந்தங்களோ, குழந்தைக்கு நன்கு பழக்கமான குடும்ப நண்பர்களோ தங்கள் வீட்டில் வளர்ப்பதைத்தான் *உறவினர் பராமரிப்பு* என்கிறோம். குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்பு பற்றி ஐ.நா. பொதுச்சபை 2009-ல் ஏற்ற வழிகாட்டுதல்களும் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கின்றன. ஒரு முக்கியமான வார்த்தையும் அதில் உண்டு: இது முறைப்படி நடந்தாலும் சரி, முறைப்படி இல்லாமல் நடந்தாலும் சரி, உறவினர் பராமரிப்புதான். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவது வகை.

எது தத்து, எது இல்லை

குழப்பத்தின் பாதி, எல்லாவற்றையும் ‘தத்து’ என்று சொல்வதால் வருகிறது. நான்கு வார்த்தைகளைப் பிரித்துக்கொண்டால் போதும்.

*தத்து* என்பது பட்டா மாறுதல். குழந்தை சட்டப்படி இன்னொருவரின் மகனோ மகளோ ஆகிவிடுகிறது, நிரந்தரமாக. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் (குழந்தைகளின் பராமரிப்பும் பாதுகாப்பும் பற்றிய சட்டம்) உறவினர்களும் தத்தெடுக்க வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படியான தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். ஆனால் பேரனை மகனாக மாற்றிக்கொள்ள எந்த ஆயாவுக்கும் ஆசை இல்லை. தேவையும் இல்லை.

*பாதுகாவலர்* என்பவர் கோயில் தர்மகர்த்தா மாதிரி. சொத்தும் பொறுப்பும் அவர் கையில், உரிமை அவருடையதல்ல. பெற்றோர் இல்லாதபோது ஒருவரைப் பாதுகாவலராக நியமிப்பது நீதிமன்றம்.

*வளர்ப்புப் பராமரிப்பு* என்பது உறவில்லாத ஒரு குடும்பம், அரசின் தேர்வுக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டு, குழந்தையைத் தற்காலிகமாக வளர்ப்பது. வெளிநாட்டுப் படங்களில் வரும் ‘ஃபாஸ்டர் பேரன்ட்ஸ்’ இவர்கள்தான்.

*நிதி ஆதரவு* என்பது குழந்தை இப்போது இருக்கும் வீட்டிலேயே தொடர்ந்து இருப்பதற்காகத் தரப்படும் பண உதவி. ஆங்கிலத்தில் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள். அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால்தான் சட்டென்று புரியும்.

இந்தியாவில் சொந்தக்காரர்களுக்கான பண உதவி வருவது முக்கியமாக இந்த நான்காவது வாசல் வழியாக. “ஃபாஸ்டர் கேர் பணம் வேண்டும்” என்று போய்க் கேட்ட தாய்மாமன் ஒருவரை, “அது உங்களுக்கு இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். சொன்னவர் சொன்னது சரி. பக்கத்து வாசலைக் காட்டியிருக்கலாம்.

சுருக்கமாக: ஆயா தத்தெடுக்கவில்லை, வளர்ப்புத் தாயும் அல்ல. அவர் செய்வது உறவினர் பராமரிப்பு. அதற்குப் பணம் நிதி ஆதரவு வழியாகவும், கையெழுத்து அதிகாரம் பாதுகாவலர் நியமனம் வழியாகவும் வரும். இரண்டும் தனித்தனி வேலை.

சொந்தத்துக்கு ஏன் பணம்?

டீக்கடைக் கேள்விக்கு இப்போது வருவோம். “ரத்த பாசத்துக்குக் கூலியா?” என்ற சந்தேகம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், தன் உடன்பிறப்புகளை வளர்த்த ஓர் அக்காவுக்கு, ‘நீ சொந்தம்தானே’ என்று சொல்லி, உறவில்லாத குடும்பங்களுக்குத் தரும் வளர்ப்புத் தொகையை மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1979-ல் அக்கா பக்கம் தீர்ப்பானது. உறவு இருக்கிறது என்பதற்காகவே தொகையை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நம் சட்டம் வேறு பாதையில் வந்தாலும் அடிப்படை ஒன்றுதான். குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் (ஹோம்) சேர்ப்பது கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டம் வைத்திருக்கும் கோட்பாடுகளில் ஒன்று. இல்லத்தில் சேர்த்தால் உணவு, உடை, இடம், காவலாளி, சமையல்காரர் எல்லாமே அரசின் செலவு. அதே குழந்தை ஆயா வீட்டில் இருந்தால் அந்தச் செலவு முழுவதும் ஆயா தலையில். எங்கள் ஆயாவுக்கு அப்போது இருந்த நிலையான வருமானம் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. மீதி, உடம்பு ஒத்துழைத்தால் நூறு நாள் வேலை.

பாசம் ஆயாவிடம் நிறையவே இருந்தது. இல்லாதது பையனுக்குச் செருப்பு. காசு இல்லாத ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகள் ஆயாவை விட்டு இல்லத்துக்குப் போக வேண்டிய நிலை வரக் கூடாது. நிதி ஆதரவு இருப்பது அதற்காக.

யாரிடம் போவது

இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்.

*குழந்தைகள் நலக் குழு*: தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இவர்கள். இவர்களுக்கு நடுவர் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரம் உண்டு.

*மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு*: இது அலுவலகம். வீட்டுக்கு வந்து விசாரிப்பது, அறிக்கை எழுதுவது, உதவித்தொகைக் கோப்பை நகர்த்துவது இங்கேதான். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம், அல்லது 1098-ஐ அழைக்கலாம். இது கட்டணமில்லாக் குழந்தைகள் உதவி எண். அடி உதை புகாருக்கு மட்டும்தான் அந்த எண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

நாங்கள் திங்கட்கிழமை மனு நாளில் போனோம். பேருந்தில் ஆயா மூன்று தடவை கேட்டார்: “தம்பி, புள்ளைங்கள புடுங்கிக்க மாட்டாங்களே?” டீக்கடை மூன்றாமவரின் வார்த்தை அவர் மனதில் தங்கிவிட்டது.

அந்தப் பயத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். நல்லபடியாக வளர்க்கும் சொந்தத்திடமிருந்து, உதவி கேட்டார்கள் என்பதற்காகக் குழந்தையை யாரும் பிரிப்பதில்லை. வீட்டில் அடி, பட்டினி, வேலைக்கு அனுப்புதல், அதைவிட மோசமானது ஏதாவது இருந்தால் குழு தலையிடும். தலையிடத்தான் வேண்டும். சொந்தம் என்பதாலேயே எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிடுவதில்லை. அக்கா பிள்ளையைக் கூட்டி வந்து வீட்டு வேலைக்காரியாக்கிய குடும்பங்களும் நம் நடுவில்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தவர் என்ன கேட்டார்

மனு கொடுத்த சில வாரங்களில் அலகிலிருந்து ஒரு பெண் வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார், ரேஷன் அட்டையைப் பார்த்தார், சமையல் மேடையை எட்டிப் பார்த்தார். அப்புறம், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கம்மா” என்றார். ஆயா உள்ளே போன நேரத்தில் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தார். அது தாகம் இல்லை, முறை. பெரியவர் இல்லாதபோது குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்பது அவர்கள் வேலை.

பையன் வெகுளியாகச் சொல்லிவிட்டான், சனிக்கிழமைகளில் பஞ்சர் கடைக்குப் போவதாக. தண்ணீர்ச் சொம்போடு வந்த ஆயாவின் முகம் செத்துவிட்டது. வந்தவர் அதட்டவில்லை. எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, “பணம் வர ஆரம்பிச்சதும் நிறுத்திடணும், சரியா?” என்று பையனைப் பார்த்துச் சொன்னார், ஆயாவைப் பார்த்து அல்ல. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்த வருகைக்கு *சமூக விசாரணை* என்று பெயர். குழந்தையின் சூழ்நிலை, வீட்டு வருமானம், பள்ளி, உடல்நலம், வளர்ப்பவரின் தெம்பு எல்லாம் அதில் பதிவாகும். பொய் சொல்லாமல் இருப்பது நல்லது. கஷ்டத்தை மறைத்து வீட்டைப் பளிச்சென்று காட்டினால் உதவி தேவையில்லை என்றாகிவிடும்.

எவ்வளவு, எதுவரை

மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு, குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வாழும் குழந்தைகள் இதற்குரியவர்கள் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவே சொல்கிறது. தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தாலும், பெற்றோர் உயிர்க்கொல்லி நோயாலோ விபத்தாலோ முடங்கியிருந்தாலும் கேட்கலாம். ஆக, பெற்றோர் இருவரும் இறந்திருந்தால்தான் என்பதும் தவறான பேச்சு.

பணம் வளர்ப்பவரின் கைக்கு வராது. குழந்தையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும், பெரியவர் அதை இயக்குவார். பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும் என்பது நிபந்தனை. குழந்தை இல்லத்திலோ விடுதியிலோ சேர்ந்துவிட்டால் தொகை நின்றுவிடும்.

வருமான வரம்பில்தான் எனக்குக் கோபம். கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். 72,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,000. ஒரு நாளைக்கு 200 ரூபாய். இரண்டு பிள்ளை வைத்திருக்கும் தாய்மாமன், மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளத்தில், அக்காவின் மூன்று பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தால் அவர் இந்தக் கணக்கில் வசதியானவர். தவிர, தகுதி இருந்தாலே கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒதுக்கிய நிதி எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான்.

தமிழ்நாடு அரசு தனியாக ‘அன்புக் கரங்கள்’ என்ற திட்டத்தை 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகள் ஆகியோருக்குப் பள்ளிப் படிப்பு முடிய, 18 வயது வரை, மாதம் 2,000 ரூபாய். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 2021-ல் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாயும் அறிவித்ததும் இதே வழிதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று முடிவு செய்வது அலகின் வேலை. எல்லாக் காகிதங்களோடும் அங்கே போய் நின்று கேட்பதே மேல்.

காகிதம் என்றதும் ஒன்று. பிள்ளையின் ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றில் இன்னொரு இனிஷியல், தகப்பனாரின் இறப்புச் சான்றில் பெயரே வேறு மாதிரி: இந்த ஒரு விஷயம்தான் அதிகக் கோப்புகளை நிறுத்தி வைக்கிறது என்பது நான் பார்த்தவரை உண்மை. மனு எழுதும் முன் பெயர்களை ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

கையெழுத்து யாருடையது

பணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டா பிரச்சினை அப்படியே இருக்கிறது. உதவித்தொகை வாங்குவதால் ஆயா சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடவில்லை.

பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி மாதிரியானவை பெரும்பாலும் ஊர் வழக்கத்தில் நடந்துவிடும். குழந்தைகள் நலக் குழு ஓர் உறவினரைத் *தகுதியான நபர்* என்று அறிந்தேற்று, குழந்தையை அவர் பொறுப்பில் விட்டு ஆணை தரலாம். அந்த ஒரு தாள் பல மேசைகளில் வேலை செய்யும். சொத்து என்று வந்தால் மட்டும் அது போதாது. இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளையை நடைமுறையில் வளர்ப்பவர் என்ற ஒரே காரணத்தால் யாரும் அந்தப் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆயாவுக்கு இது தடை மாதிரித் தெரிந்தது. விபத்து இழப்பீடு வரப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத ஒரு சித்தப்பா ஆப்பிளோடு வந்து நின்றபோது, இந்தத் தடை யாருக்கானது என்று அவருக்கே புரிந்துவிட்டது.

முழு அதிகாரம் வேண்டுமென்றால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி, குழந்தை வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். குழந்தையின் நலன், உறவின் நெருக்கம், மனுதாரரின் குணமும் திறனும், விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பம் இவற்றை நீதிமன்றம் பார்க்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவானாலும் அந்த உரிமை உண்டு.

முத்திரைத்தாளில் “இக்குழந்தையை இன்று முதல் நான் வளர்க்கச் சம்மதிக்கிறேன்” என்று எழுதி ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது இன்னும் நடக்கிறது. அது தத்தும் ஆகாது, பாதுகாவலர் நியமனமும் ஆகாது. தாள் செலவு தண்டம்.

சுருக்கமாக: வளர்க்க ஆணை தேவையில்லை, பணத்துக்கு அலகு, பொறுப்புக்குக் குழு, சொத்துக்கு நீதிமன்றம்.

பணமும் காகிதமும் போக

அறுபத்தெட்டு வயதில் எட்டாம் வகுப்புப் பையனை வளர்ப்பது தனி வேலை. அவன் கையில் இருக்கும் போனில் என்ன பார்க்கிறான் என்று ஆயாவுக்குத் தெரியாது. பெண் குழந்தை இன்னமும் ராத்திரியில் அம்மாவைத் தேடி எழுகிறாள். அழுகிற பேத்திக்குப் போனது அம்மா, அழுகிற ஆயாவுக்குப் போனது மகள். இரண்டு பேருக்கும் இழப்பு ஒரே ஆள்தான். ஆலோசகர் என்று ஒருவர் அலகில் உண்டு. கேட்டால் பேசுவார். கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது.

இன்னொரு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளைகளுக்குப் *பின்பராமரிப்பு* என்ற பெயரில் உதவி தரச் சட்டத்தில் இடமுண்டு. சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஏனென்றால் அவன் எந்த இல்லத்திலிருந்தும் வெளியேறவில்லை. பிறந்தநாள் வந்ததும் நிதி ஆதரவு நின்றுவிடும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போனால், பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு யார் வளர்த்தார்கள் என்ற கேள்வி இல்லை, எங்கே படித்தார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஆயா இதைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணினார். பையனுக்குப் பதினெட்டு முடிகிற மாதத்தையும், அந்த வருடம் தனக்கு என்ன வயது ஆகும் என்பதையும். அப்புறம் கேட்டார்: “அதுக்கு எந்த ஆபீசு தம்பி?” கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம் ஆயா என்றேன். “அப்போ பஸ்ஸு கிடையாது” என்றார், கொஞ்சம் நிம்மதியாக.